பிறையும் பட்டடையும்



கள்ளக்குறிச்சியில் நின்று மாலைப்பொழுதில் மேற்கே நோக்குவார்க்குக் கல்வராயன் மலைத்தொடர் நீலக்கோடாகத் தெரியும். மறைநிலா கழிந்த மூன்றாம் நாள் அக் கோட்டின்மேல் வெள்ளிக்கீற்று ஒன்று தோன்றும்; நாலைந்து நாழிகைக்குள் மலைக்குப் பின்னே இறங்கிவிடும். நிறைநிலா நாளிலோ காட்சி தலைமாறும். மலையின் கீழ்ச்சரிவில் நிற்பவர்க்குக் கீழ்த்திசைச் சமவெளியின் விளிம்பிலிருந்து செம்பொன் தட்டு எழுந்து வந்து, மேலே ஏற ஏற வெள்ளித் தட்டாக வெளுக்கும். கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையூருக்குப் பெயரே வெள்ளிமலை. வெண்மை என்னும் ஒரே வேரினின்று ஒரு மாழைக்கும், ஒரு கோளுக்கும், கிழமையுள் ஒரு நாளுக்கும் பெயர் அமைத்துக்கொண்ட மொழி தமிழ். வெண்ணிலாவையும் வெள்ளியையும் சேர்த்து எண்ணிய மாந்தர், அந்த நிலாவை வெள்ளியிலேயே செய்து தலையில் சூடிக்கொண்டதில் வியப்பொன்றும் இல்லை.

நிலாவிற்குத் தமிழில் எத்தனை பெயர்! ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு தோற்றத்தைச் சுட்டுகிறது என்பதைத்தான் கைவினைஞர் கருத வேண்டும். வளைந்த கீற்றாக இருப்பது பிறை. ஒளியாக வழிவது நிலா. காலத்தை அளந்து காட்டுவது மதி. மதித்தல் என்றால் அளவிடுதல். வானில் வரும் உருவுக்கும், அது ஒருமுறை வளர்ந்து தேயும் காலத்திற்கும் ஒருசேரப் பெயரானது திங்கள். அக் காலம் இருபத்தொன்பதரை நாளுக்குச் சற்று மிகுதி. தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தை கைநீட்டி அழைப்பது அம்புலி. பிள்ளைத்தமிழில் ஏழாம் பருவம் இந்த அம்புலிக்கென்றே ஒதுக்கப்பட்டது. இன்சொல்லாலும் கொடையாலும் வேற்றுமை காட்டியும் ஒறுத்தும், நால்வகையாலும் நிலாவைக் குழந்தையோடு விளையாட அழைப்பது அதன் மரபு. ஐந்து பெயர், ஐந்து தோற்றம். ஓர் அணிகலத்திற்கு 'நிலாப் பதக்கம்' என்று பொதுப்பெயர் சூட்டி விற்பவர்க்கு இவ் வேறுபாடு தெரிவதில்லை. செய்கின்றவர்க்குத் தெரிந்தால் ஐந்து வேறு அணிகள் பிறக்கும்.

சமயங் கடந்தும் இச் சொற்கள் வாழ்கின்றன. சிவனைப் பிறைசூடி என்கிறார்கள் சிவனியர். இசுலாமியத் தமிழரும் பிறை பார்த்தே நோன்பு தொடங்குகிறார்கள். நாளைக் கூடப் 'பிறை ஒன்று, பிறை இரண்டு' என்றே எண்ணுகிறார்கள். அரபுமொழியில் அதற்குச் சொல் இருந்தும், தமிழ்நாட்டுப் பள்ளிவாசல் முற்றத்தில் வழங்குவது தமிழ்ச் சொல்லே.

இனி, பிறையின் கிடக்கையைப் பார்க்க வேண்டும். மேலைநாட்டு ஓவியங்களில் பிறை பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும். ஒரு முனை மேலும் ஒரு முனை கீழுமாக இருக்கும். தமிழர் அணிகளிலோ, செப்புத்திருமேனிகளின் சடைமுடியிலோ அது தோணிபோல் மல்லாந்து, இரு கோடும் மேல்நோக்கிக் கிடக்கும். இது வெறுங் கற்பனை என்று எண்ணுவோர் உளர். அன்று, இது கண்ணாற் கண்டதைச் செய்ததே. கள்ளக்குறிச்சி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் ஞாயிறும் திங்களும் செங்குத்தாக இறங்குவனபோல் இறங்கும். ஆகவே, மறைந்த ஞாயிறு நிலாவிற்கு நேர்கீழே இருக்கும், கீழ்ப்பக்கம் ஒளிபெறும், பிறை மல்லாந்து கிடக்கும். வடக்கே செல்லச் செல்ல ஞாயிறு சாய்ந்து இறங்குவதால் பிறையும் சாய்ந்து நிற்கும். இலண்டன் மாநகரத்துக் கைவினைஞன் நிமிர்ந்த பிறையைச் செய்தால் அது அவன் வானம். கள்ளக்குறிச்சிப் பட்டடையில் அதனைப் பார்த்துப் படியெடுத்தால் அது யாருடைய வானம்?

தமிழ்நாட்டு வானத்திலும் பிறை எப்போதும் ஒரேபடியாகக் கிடப்பதில்லை. கும்பம், மீனம் (மாசி, பங்குனி) ஆகிய திங்கள்களில் அது ஏறத்தாழ முற்றும் மல்லாந்திருக்கும். தென்கோடு ஒரு நூலளவு உயர்ந்தும் தோன்றும். கன்னி, துலை (புரட்டாசி, ஐப்பசி) ஆகிய திங்கள்களில் தெற்கே சாய்ந்து வடகோடு நன்கு உயர்ந்திருக்கும். மூன்றாம் பிறையின் எந்தக் கோடு உயர்ந்திருக்கிறது என்று பார்த்து விளைச்சலை மதிப்பிடுவது சிற்றூர் முதியோர் வழக்கம். வடகோடு உயர்ந்தால் நெல் கொழிக்கும் என்பர். இதனை மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் வடகோடு உயரும் காலம் எது? வடகிழக்குப் பருவமழை தொடங்கி வயல்கள் நிறையும் காலம். தென்கோடு உயர்வது வறட்சிக்கு முந்திய காலம். பிறை மழையைத் தருவதில்லை. மழை வரும் பருவத்தைக் காட்டும் வானத்துக் குறியாக அது நின்றது. குறியையே கரணியமாகக் கொண்டதுதான் பிழை. உழவர் கண் பிழைபடவில்லை.

தலையில் சூடும் அணிகளுக்குத் தமிழில் தனிப்பெருஞ் சொற்கூட்டமே உண்டு. கழக நூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் உத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் முதலிய தலையணிகளின் பெயர்கள் காணப்படுகின்றன. சுறாமீனின் அங்காந்த வாய்போல் செய்த அணியும் உண்டு. கடலையும் தாமரையையும் பார்த்துச் செய்தவர் வானத்தையும் பார்த்தனர். வகிட்டின் வலப்புறம் வட்டமாக ஞாயிறும், இடப்புறம் வளைவாகப் பிறையும் வைத்துக்கொள்ளும் இணையணி இன்றும் மணமகளிர் தலையிலும் பரதம் ஆடுவோர் தலையிலும் காணப்படுகிறது. அதற்கு வழங்கும் பெயர்தான் 'சூரியப் பிரபை, சந்திரப் பிரபை' என்று ஆகிவிட்டது. கதிரணி, பிறையணி என்றால் பொருள் குறையுமா?

இவ் வகை அணிகளைக் கையால் செய்வதில் பெயர்பெற்றது குமரி மாவட்டத்து நாகர்கோவிலை அடுத்த வடசேரி. நாகர்கோவில் கோயிலணிகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. வெள்ளியில் அடியுரு செய்து, சிவப்புக் கற்களைப் பதித்து, கல்லைச் சுற்றிப் பொன்தகட்டை அழுத்திப் பிடிக்கும் வேலை அது. ஒரு தலையணித் தொகுதியில் பலர் கை படும். அடியுரு செய்பவர் ஒருவர், கல் பதிப்பவர் இன்னொருவர்.

பொற்கொல்லர் பட்டடைக்குள் நுழைந்து பார்ப்போம் என்று எழும் எவரும் முதலில் காண்பது சொற்செல்வத்தைத்தான். மாழையை உருக்குவது குகை. தீயை வளர்ப்பது துருத்தி; தீநாவை ஒரு புள்ளியில் செலுத்துவது ஊதுகுழல். அடிப்பதற்கு அடைகல்லும் சுத்தியலும். கம்பியை இழைத்து நீட்டுவது கம்பியச்சு. நுண்பொருளைப் பற்றியெடுப்பது சாமணம். பிடிப்பது குறடு, வெட்டுவது கத்திரி, மழுக்குவது அரம், மாற்றுக் காண்பது உரைகல், வட்டம் கீறுவது கவராயம், இரண்டு துண்டை ஒட்டவைப்பது பற்றாசு, பற்றாசு ஓடுவதற்கு இடுவது வெண்காரம். பற்றாசுப் பொடியை வைத்துக் குழலால் ஊதுவதைப் பார்த்தே, உட்பொருள் வைத்துப் பேசுவதைப் 'பொடிவைத்து ஊதுதல்' என்று ஊரார் சொன்னார்கள். இச் சொற்களுள் எதையும் எந்தக் குழுவும் அமர்ந்து ஆக்கவில்லை. தமிழில் தொழில்நுட்பம் சொல்ல இயலாது என்பவர், ஒரு முழுப் பகல் பொற்கொல்லர் பட்டடை வாயிலில் உட்கார்ந்து எழுந்து வரட்டும்.

பிறை செய்யும் முறை எளிதுபோலத் தோன்றும்; எளிதன்று. வெள்ளி ஏறத்தாழ 962 பாகைச் செல்சியசு வெப்பத்தில் உருகும். உருக்கி வார்த்த கட்டியை அடைகல்லின்மேல் வைத்துத் தட்டித் தகடாக்க வேண்டும். தட்டத் தட்ட வெள்ளி இறுகி முறுகும். மேலும் அடித்தால் விளிம்பில் வெடிப்புக் காணும். ஆதலின், இடையிடையே மங்கிய செந்நிறம் ஏறும்வரை காய்ச்சி மென்மைப்படுத்த வேண்டும். எப்போது காய்ச்சுவது என்பதைச் சுத்தியல் எழுப்பும் ஓசையாலேயே முதிர்ந்த கொல்லர் அறிவார். தகடு ஒப்பமானபின் கவராயத்தால் ஒரு வட்டம் கீறி, ஊன்றுமுனையைச் சற்றே நகர்த்தி இரண்டாம் வட்டம் கீறினால், இரண்டுக்கும் இடையே விடுபடும் பகுதி பிறையாகும்.

இங்கே நுட்பமானதோர் உண்மை உண்டு. வானத்துப் பிறையின் உள்விளிம்பு வட்டத்தின் பகுதியன்று, நீள்வட்டத்தின் பாதி. அதனால் வானத்துப் பிறையின் இரு முனைகளும் எப்போதும் நிலாவின் முழு விட்டத்திற்கு எதிரெதிராகவே நிற்கும். கவராயத்தால் இரு வட்டம் கீறிய பிறையிலோ முனைகள் அவ் வரம்பைத் தாண்டி உள்நோக்கி வளையும். எனவே வானத்துப் பிறை வேறு, பட்டடைப் பிறை வேறு. இன்னொன்றும் உண்டு. மூன்றாம் பிறையில் ஒளிபெற்றிருப்பது நிலா வட்டத்தில் நூற்றுக்கு ஆறேழு பங்குதான். 30 மில்லிமீட்டர் விட்டத்தில் அதனை அப்படியே செய்தால், நடுவிலே அகலம் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதில் கல் பதிக்க இடமில்லை. தலைமுடியில் சிக்கினால் வளைந்துவிடும். ஆகவே கொல்லர் செய்யும் பிறை, அகலத்தால் ஐந்தாம் ஆறாம் நாள் நிலாவாகவும், கூர்மையால் மூன்றாம் நாள் நிலாவாகவும் இருக்கிறது. இது பிழையன்று. கண்ணுக்கு இசைந்தவாறு கை செய்துகொண்ட திருத்தம். படம் வரைந்து பொறியில் ஏற்றி வார்த்தெடுக்கும் இற்றை அணிகளில், ஒன்றைப்போல் ஆயிரம் பிறை வரும். அந்தத் திருத்தத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யும் கை அங்கே இல்லை. ஆனால் கடைச்சீட்டில் மட்டும் செய்கூலி என்னும் சொல் விடாமல் அச்சாகிறது. சேதாரம் எனக் கடைக்காரர் வழங்கும் கழிவும் அவ்வாறே. கை போய்விட்டது, கூலி நின்றுவிட்டது. கழிவுப் பணம் போகுமிடமும் பட்டடை அன்று.

கறுத்த வெள்ளியை வெளுக்கப் பூவந்திக் கொட்டையும் புளியும் பயன்படுகின்றன. கல்வராயன் மலையிலிருந்து மலையாளிப் பழங்குடியினர் இறக்கிவரும் காட்டுப்பொருள்களுள் புளியும் கடுக்காயும் உண்டு. புளி வெள்ளியின் கறுப்பைப் போக்கும். கடுக்காய் துணியில் நிறம் பற்றி நிற்க உதவும். மலை தருகின்ற இப் பொருள்கள் இல்லாமல் சமவெளிக் கைவினை நிறைவுறாது. விலை வைக்கும்போது மட்டும் மலை மறந்துபோகும்.

கள்ளக்குறிச்சிக்குப் பெயர் தந்தது பொன்வேலையன்று, மரவேலை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவலூர் வட்டங்களில் நடைபெறும் மரச்செதுக்குக் கலைக்குக் கி.பி. 2021-இல் (திருவள்ளுவர் ஆண்டு 2052) புவிசார் குறியீடு கிடைத்தது. விழுப்புரத்தினின்று பிரிந்து 2019 நவம்பர் 26-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு அது தகுதியான வரவேற்பு. கோயில்களுக்கான திருவுருக்கள், ஊர்திகள், கதவுகள், வீட்டு அணிப்பொருள்கள் எல்லாம் இத் தச்சர் உளியில் பிறக்கின்றன. விழாக் காலத்தில் திருமேனியைச் சுமக்கும் ஊர்திகளுள் ஞாயிற்று வட்டமும் திங்கள் வட்டமும் உண்டு. இவற்றையும் 'பிரபை' என்றே கோயிலார் வழங்குகின்றனர். உளி எடுத்த தச்சர் 'வட்டம்' என்றாலே போதும்.

மரத்திலும் நிலா ஒளிந்திருக்கிறது. மரத்தின் உள்வயிரத்தைக் காழ் என்றும், அதனைச் சூழ்ந்த வெளுத்த பகுதியை வெளிறு என்றும் தமிழர் பிரித்தறிந்தனர். காழ் உள்ளே இருப்பது மரம், வெளியே இருப்பது புல் என்று தொல்காப்பிய மரபியல் பாகுபாடே செய்துவிட்டது. வாகையை அறுத்துப் பார்த்தால் காழ் கரும்பழுப்பாகவும் வெளிறு வெண்மஞ்சளாகவும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். ஒரே பலகையில் இரவும் நிலவும்! காழில் வானத்தைச் செதுக்கி, வெளிறில் பிறையைத் தெரியவிட்டால் வண்ணம் பூசவே வேண்டியதில்லை. தச்சர் வழக்கமாக வெளிற்றைக் கழித்துவிடுவர். புழு அரிக்கும் என்பதே கரணியம். அந்த அச்சம் உண்மையானதே. நன்கு உலர்த்தி எண்ணெய் ஊட்டிக் காத்தால், சிறு பொருள்களில் வெளிற்றையும் பயன்கொள்ளலாம். மூங்கிலைத் தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்னும் நாட்டுப்புற வழக்கமும் இப் புழுவை அஞ்சி எழுந்ததே.

நிலாவின் முகத்தில் கறையாகத் தெரிவதைத் தமிழர் முயல் என்றனர். ஒளிமிக்க மேட்டுநிலங்கள் பெல்சுபார் எனப்படும் கனிமம் மிகுந்த வெண்பாறையால் ஆனவை. முயலாகத் தெரிவன பண்டு எரிமலைக் குழம்பு பாய்ந்து இறுகிய கரும்பாறைச் சமவெளிகள். அந்த மேட்டுநில வெண்பாறைக்கு ஒப்பான பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடக்கிறது. நிலாவில் இறங்கும் கலத்தை ஆய்ந்து பார்க்க இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்திற்கு நிலாமண் போன்ற மண் வேண்டியிருந்தபோது, சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையார் வழியாக நாமக்கல் மாவட்டப் பாறைமண் ஏறத்தாழ 50 டன் சென்றது. 2023 ஆகத்து 23-இல் நிலாவின் தென்முனைப் பகுதியில் மெல்ல இறங்கிய கலத்தின் திட்ட இயக்குநர் விழுப்புரத்தில் பிறந்த வீரமுத்துவேல். கலத்திற்குப் பெயர் மட்டும் 'சந்திரயான்'. தமிழ் மண்ணில் ஆய்ந்து தமிழன் செலுத்தியதை நிலாக்கலம் என்று தமிழ் ஏடுகளாவது எழுதியிருக்கலாம்.

இதே பெல்சுபார் இனத்தைச் சேர்ந்ததுதான் நிலாக்கல். 'சந்திரகாந்தம்' என்று வடமொழிப் பெயரால் வழங்குவது. நிலவொளி பட்டால் நீர் கசியும் என்று பாவலர் பாடியது. நீர் கசிவதில்லை, ஒளிதான் கசிகிறது. உருகிய பாறைக்குழம்பு மெல்ல ஆறும்போது இருவகைப் பெல்சுபார் மென்படலங்களாகப் பிரிந்து அடுக்கடுக்காகப் படிகின்றன. அவ் வடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் கல்லின் உள்ளே நீலவெண் பால் மிதப்பதுபோல் தோன்றும். அதனால் இக் கல்லுக்குப் பட்டை தீட்டக் கூடாது. கவிழ்த்த கிண்ணம்போல் மேல்முகத்தைத் திரட்சியாகத் தேய்க்க வேண்டும். அடுக்குகள் அடித்தளத்திற்கு இணையாக அமையும்படி கல்லைத் திருப்பி வைத்துத் தேய்த்தால்தான் ஒளி உச்சியில் நிற்கும். இல்லையேல் ஓரத்திற்கு வழுக்கிவிடும். ஈழத் தீவின் மீட்டியாகொடை நீல நிலாக்கல்லுக்கு உலகறிந்த இடம். தமிழ்நாட்டில் காங்கேயம் வட்டாரத்திலும் இக் கல் கிடைக்கிறது. அங்கிருந்து தொலைவிலில்லாத நொய்யற்கரைக் கொடுமணலில் கழகக் காலத்திலேயே கல் அறுத்து மணி செய்த பட்டறைகள் இருந்ததை, 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வு வெளிப்படுத்தியது. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் கொடுமணத்தைப் பெயர்சொல்லிப் பாடியவர் கபிலர்.

அந்தக் கபிலரின் பெயரால் ஒரு குன்று திருக்கோவலூரில் தென்பெண்ணை ஆற்றினுள் நிற்கிறது. பாரி மாய்ந்தபின் அவன் மகளிரைக் காத்து அழைத்துவந்து மலையமான் வழியினர்க்கு மணம்செய்து கொடுத்து, தாம் தீப்புகுந்தார் என்பது வழிவழிச் செய்தி. திருக்கோவலூர் வீரட்டானத்தில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டும் அதனைச் சொல்கிறது. பாரி மகளிர் பாடிய ஒரே பாட்டு புறநானூற்றின் 112-ஆம் பாட்டு. அது நிலாப்பாட்டு. முற்றுகைக் காலத்து நிறைநிலாவில் தந்தையும் இருந்தான், குன்றும் அவர்களுடையதாக இருந்தது. அடுத்து வந்த நிறைநிலாவில் குன்று வேந்தர் கையில், தந்தை இல்லை. நிலா மட்டும் மாறவில்லை. மிகச் சில அடிகளுக்குள் ஒரு நாட்டின் வீழ்ச்சியை இரண்டு நிலாக்களுக்கு நடுவில் வைத்துவிட்டார்கள் அவ் விளம்பெண்கள்.

அம் மகளிர் வந்து சேர்ந்த திருக்கோவலூர், இன்று மரச்செதுக்கிற்குக் குறியீடு பெற்ற மூன்று வட்டங்களுள் ஒன்று. அப்படியிருந்தும் அங்காடிகளில் கிடைப்பன பெரும்பாலும் வழக்கமான திருவுருக்களும் யானைகளும்தாம். வாங்குவோர் கேட்பதைச் செய்வதன்றித் தச்சர்க்கு வேறு வழியில்லை என்பது உண்மை. பிழைப்பு அதில்தான் இருக்கிறது. அவரைக் குறைகூறுவது அறமன்று. கேட்பவர்தாம் மாற வேண்டும். திருமணத்திற்கும் புதுமனை புகுவிழாவிற்கும் பரிசுப்பொருள் வாங்கும் தமிழன்பர், ஒரு முறையேனும் தச்சரிடம் நேரில் சென்று, இரு நிலாப் பலகை ஒன்று செய்து தரச் சொல்லட்டும். ஒரு முழம் நீளமுள்ள வாகைப் பலகை போதும். இடப்புறம் குன்றும் அதன்மேல் வெளிறில் விட்ட முழுநிலாவும். வலப்புறம் அதே குன்று, அதே நிலா, குன்றின் உச்சியில் வேற்றுக்கொடி. மாந்தர் உரு எதுவும் வேண்டா. பாட்டைக் கற்றவர்க்கு அதுவே போதும். கல்லாதவர் இதென்ன என்று கேட்பார்.

பொற்கொல்லரிடம் செல்வோர் படநூலைக் கையில் கொண்டுசெல்லாமல், மாசித் திங்களின் மூன்றாம் பிறையைப் பார்த்துவிட்டுச் செல்லட்டும். மல்லாந்த பிறை, நடுவிலே ஒரு காங்கேய நிலாக்கல், பற்றாசு தெரியாத வேலை. எடைக்கு மட்டுமன்றிக் கைக்கும் தனியாகக் கூலி பேசி, அதனைக் கொல்லரிடமே கொடுக்க வேண்டும். பொருளோடு வரும் சீட்டில் 'பிறையணி' என்றும், செய்தவர் பெயரும் ஊரும் தமிழில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். கொல்லர் முதலில் சிரிப்பார். அப்படி எழுதும்படி அவரை யாரும் கேட்டதில்லை.